ஸ்டெம் செல் எங்கே இருக்கிறது? பழ ஈயின் சூலகத்தில் தொடங்கும் பாடம்

ஸ்டெம் செல் என்றதும் நம் ஊரில் பேச்சு இரண்டு திசைகளில்தான் போகும். ஒன்று, குழந்தை பிறக்கப்போகும் வீடுகளைத் தேடி வரும் தொப்புள்கொடி ரத்த வங்கித் துண்டறிக்கை. இன்னொன்று, முழங்கால் தேய்மானம் முதல் முடி உதிர்வது வரை எல்லாவற்றுக்கும் ஊசியில் தீர்வு இருப்பதாகச் சொல்லும் விளம்பரம். இரண்டுமே ஒரே கற்பனையை நம்பி நிற்கின்றன: ஸ்டெம் செல் எதுவாகவும் மாறக்கூடியது, உடம்புக்குள் விட்டால் போதும், பழுது எங்கே என்று அதுவே தேடிப் போய்ச் சரிசெய்துவிடும்.

உண்மை இவ்வளவு தாராளமானதல்ல. ஒரு செல் ஸ்டெம் செல்லாக நீடிப்பதற்கு அதன் உள்ளே இருப்பது மட்டும் காரணமில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடமும் காரணம். இடத்தைவிட்டு நகர்ந்தால் பெரும்பாலும் அந்தத் தகுதியும் போய்விடுகிறது. இதைக் கண்ணால் பார்க்கும்படி முதலில் காட்டியது மனித உடம்போ எலியோ அல்ல, கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு ஈ. உயிரியல் பேராசிரியர்கள் பலர் ஸ்டெம் செல் பாடத்தை இந்த ஈயை வைத்து நடத்துவது அதனால்தான்.

உறைமோர்க் கணக்கு

தயிர் தோய்க்கும் எந்த வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. தயிரைப் பரிமாறும் முன் ஒரு கரண்டியை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவார்கள். மற்றது சாப்பாட்டுக்கு, கிண்ணத்தில் இருப்பது நாளைய பாலுக்கு. இப்படி ஒரு கரண்டியைக் காப்பாற்றிக்கொண்டே வந்தால் வருடக்கணக்கில் தயிர் தட்டாது.

ஸ்டெம் செல் செய்வதும் இந்தக் கணக்கைத்தான். அது இரண்டாகப் பிரியும்போது ஒரு மகள் செல் ஸ்டெம் செல்லாகவே தங்குகிறது. இதற்குத் தற்புதுப்பித்தல் என்று பெயர். இன்னொரு மகள் செல் மெல்ல மாறி ரத்தச் செல்லாகவோ தோல் செல்லாகவோ முட்டையாகவோ ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் போகிறது. இது வேறுபாடடைதல். இந்த இரண்டையும் செய்யக்கூடிய செல்லுக்குத்தான் ஸ்டெம் செல் என்று பெயர். நம் பாடநூல்கள் குருத்தணு என்று குறிப்பிடுவதும் இதைத்தான்.

எதுவாகவும் மாறும் திறன் இந்த வரையறையில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கருவின் மிகத் தொடக்க நாட்களில் இருக்கும் செல்களுக்கு அந்தத் திறன் உண்டு. வளர்ந்த உடம்பில் இருக்கும் ஸ்டெம் செல்களோ தத்தம் குலத்தொழிலை விட்டு வெளியே வருவதில்லை. எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தம் செய்யும், குடலில் இருப்பது குடலின் உட்சுவரைச் செய்யும். வேலையும் சாதாரணமானதல்ல. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாட்கள். இறப்பவற்றை ஈடுகட்ட நம் மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

தயிரில் இன்னொரு விஷயமும் உண்டு. கிண்ணத்துக்குப் போன கரண்டித் தயிருக்கும் தட்டுக்குப் போன கரண்டித் தயிருக்கும் எடுக்கும் நேரத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. எங்கே போனது என்பதுதான் எது உறைமோர் என்று தீர்மானிக்கிறது. செல்லிலும் அப்படியா? இந்தக் கேள்விக்கு விடை காண உயிரியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

மஜ்ஜைக்குள் தேடியவர்கள்

1961இல் கனடாவின் டொரண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். சில நாட்களில் எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்று அடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. ரத்த ஸ்டெம் செல் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

ஆனால் மண்ணீரல் முடிச்சிலிருந்து எடுத்த செல்களால், மஜ்ஜையிலிருந்து நேராக எடுத்த செல்கள் அளவுக்கு நீண்ட காலம் தாக்குப்பிடித்துத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ள முடியவில்லை. இதை யோசித்த ரே ஸ்கோஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1978இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஸ்டெம் செல்லைச் சுற்றி வேறு செல்கள் இருக்கின்றன, அவைதான் அதை ஸ்டெம் செல்லாக வைத்திருக்கின்றன, அந்த அண்டை வீட்டாரை விட்டு விலகினால் அது வேறுபாடடையத் தொடங்கும் என்றார். இப்படி ஸ்டெம் செல்லைத் தாங்கி நிற்கும் செல்களும் அவை உண்டாக்கும் சூழலும் சேர்ந்ததை இந்தக் கட்டுரையில் மாடம் என்று அழைப்போம்.

கருதுகோள் அழகாக இருந்தது. நிரூபிக்கத்தான் வழியில்லை. மஜ்ஜைக்குள் பல வகைச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றில் எது ஸ்டெம் செல், எது அதன் பக்கத்து வீடு என்று அன்றைக்கு யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

நடுவில் ஈ எப்படி வந்தது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாங்காயைத் துளைத்துப் புழு வைக்கும் பழ ஈ வேறு. அது விவசாயிகளின் தலைவலி. ஆய்வகத்தில் வளர்வது டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற இனம். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், சிவந்த கண்கள், புளிக்கத் தொடங்கிய பழம் என்றால் உயிர். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். கையகல பாட்டிலில், சோளமாவும் ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்த கூழில் நூற்றுக்கணக்கில் வளரும்.

இந்த ஈக்கும் கல்லூரி வகுப்பறைக்கும் உள்ள உறவு நூறாண்டு தாண்டியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன், ஆயிரக்கணக்கான செங்கண் ஈக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்கண் ஈயை 1910இல் கண்டு, மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்பதை நிறுவும் பாதையைத் தொடங்கினார். அங்கே இருந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் தொடக்க நிலை விலங்கியல் மாணவர்களுக்கு அவர் முதல் பாடங்களை நடத்தியது 1909இல் ஒரே ஒரு முறைதான். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆல்ஃப்ரெட் ஸ்டர்ட்டிவன்ட், கால்வின் பிரிட்ஜஸ் இருவரும் அவருடைய ஈ அறைக்குள் வந்து சேர்ந்தார்கள். ஸ்டர்ட்டிவன்ட் ஒரு நாள் இரவு கல்லூரி வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உலகின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். வீட்டுப்பாடம் செய்யாததற்கு இதைவிட நல்ல காரணம் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த அறையில் தொடங்கிய வழக்கம் இன்றும் தொடர்கிறது: ஒரு மரபணுவைக் கெடுத்துப் பார், ஈக்கு என்ன ஆகிறது என்று கவனி, அந்த மரபணுவின் வேலை தெரிந்துவிடும். ஈயின் சுமார் 14,000 மரபணுக்களில் பல, மனிதனிலும் சற்று மாறிய வடிவில் இருக்கின்றன. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயில் உறவு உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஸ்டெம் செல் ஆய்வுக்கு ஈ கொடுத்தது இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. அதன் உடம்பில் ஸ்டெம் செல் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

சூலகத்தின் நுனி

பெண் ஈக்கு இரண்டு சூலகங்கள். ஒவ்வொன்றிலும் பதினாறு முதல் இருபது வரை மெல்லிய குழாய்கள் கட்டாகச் சேர்ந்திருக்கும். ஒரு குழாயைத் தனியே பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு முனையில் முதிர்ந்த முட்டை, அதற்கு முன் கொஞ்சம் இளையது, அதற்கும் முன் இன்னும் இளையது என்று வயது வரிசைப்படி நிற்பது தெரியும். இளமையை நோக்கி நடந்துகொண்டே போனால் கூர்நுனி வரும். அங்கே இரண்டு அல்லது மூன்று ஸ்டெம் செல்கள். அவற்றுக்கு மேலே, அவற்றைத் தொட்டபடி, சில தொப்பிச் செல்கள். இந்தத் தொப்பிச் செல்கள்தான் மாடத்தின் மையம்.

ஸ்டெம் செல் சுமார் நாளுக்கு ஒரு முறை பிரிகிறது. தொப்பிச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மகள் அங்கேயே தங்குகிறாள். கீழே தள்ளப்பட்ட மகள் நான்கு முறை பிரிந்து பதினாறு செல்களாகிறாள். அவற்றில் ஒன்று முட்டையாகிறது, மற்ற பதினைந்தும் அதற்கு ஊட்டும் தாதிச் செல்கள். முட்டையைப் பெருக்க வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அவை இறந்துபோகின்றன.

தொடுவதில் அப்படி என்ன இருக்கிறது? இதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையில் இருந்த ஆலன் ஸ்பிராட்லிங்கும், அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த டிங் ஷீயும். 1998இல் அவர்கள் டிபிபி என்ற புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். அது குறைந்தபோது ஸ்டெம் செல்கள் சீக்கிரமே காணாமல்போயின. அதை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தபோது குழாய் முழுக்க ஸ்டெம் செல் போன்ற செல்கள் நிரம்பின, முட்டை உருவாகவில்லை. கட்டி என்றே அதைச் சொல்லலாம்.

அடுத்து, டிபிபி என்ன செய்கிறது என்பது. ஸ்டெம் செல்லுக்குள் பேம் என்று ஒரு மரபணு இருக்கிறது. இது கெட்டுப்போன ஈயின் சூலகக் குழாய், உருண்டைச் செல்கள் அடைத்து, கோலிகுண்டு போட்ட பை மாதிரி தெரிந்ததால் அந்தப் பொருள்படவே பெயர் வைத்தார்கள். ஈ ஆய்வாளர்களுக்கு மரபணுவுக்குப் பெயர் வைப்பதில் ஒரு குறும்பு உண்டு. பேம் வேலை செய்யத் தொடங்கினால் செல் வேறுபாடடையப் புறப்பட்டுவிடும். தொப்பிச் செல்லிலிருந்து வரும் டிபிபி சமிக்ஞை, பேமைத் திறக்கவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. அந்தச் சமிக்ஞை ஏறக்குறைய ஒரு செல் தூரத்துக்கு மட்டுமே வலுவாக எட்டும். பக்கத்தில் இருக்கும் மகளுக்குப் பூட்டு. ஒரு செல் தள்ளிப்போன மகளுக்குச் சமிக்ஞை மங்கிவிடும், பூட்டுத் திறந்துவிடும்.

ஸ்டெம் செல் தற்செயலாக நழுவிப்போகாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் கேடெரின் என்ற புரதம் அதைத் தொப்பிச் செல்லோடு பிடித்துவைக்கிறது. இந்தப் பிடியை அறுத்தால் ஸ்டெம் செல் மாடத்தில் தங்குவதில்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ஸ்டெம் செல் என்பது மாடத்தோடு ஒட்டிக்கொண்டு, அங்கே வரும் சமிக்ஞையால் வேறுபாடடையாமல் தடுக்கப்பட்டிருக்கும் செல். தடை நீங்கினால் அது தன் வழியே வளர்ந்து முட்டைக்கான பாதையில் போகிறது.

காலியான இடம் என்ன ஆகிறது?

2000ஆம் ஆண்டில் ஷீயும் ஸ்பிராட்லிங்கும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கோஃபீல்டின் கருதுகோளுக்கு அதுதான் தெளிவான நிரூபணம். மாடத்தில் இருந்த ஒரு ஸ்டெம் செல் போய்விட்டால், அந்த இடம் காலியாகவே கிடப்பதில்லை. பக்கத்து ஸ்டெம் செல் பிரியும் திசையை மாற்றிக்கொள்கிறது. இரண்டு மகள்களும் தொப்பிச் செல்களைத் தொடும்படி பக்கவாட்டில் பிரிகிறது. இரண்டுமே ஸ்டெம் செல்களாகத் தங்கிவிடுகின்றன. வழக்கப்படி வெளியே போயிருக்க வேண்டிய மகள், இடம் கிடைத்ததால் தங்கினாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த முடிவு இன்னும் வியப்பானது. 2004இல் ஒரு குழு ஆண் ஈயின் விந்தகத்திலும், ஸ்பிராட்லிங்கின் ஆய்வகம் பெண் ஈயின் சூலகத்திலும், ஏற்கெனவே வேறுபாடடையத் தொடங்கிவிட்ட செல்கள் காலி மாடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஸ்டெம் செல்களாவதைக் காட்டின. தட்டில் விட்ட தயிரில் மிஞ்சியதைக்கூட உறைமோராக்கலாம், மோர்க்குழம்பாகக் கொதித்த பிறகுதான் முடியாது. செல்லிலும் அப்படித் திரும்ப முடியாத ஒரு கட்டம் உண்டு, ஆனால் அதுவரை கதவு திறந்திருக்கிறது.

விந்தகத்தில் ஒரு நுட்பம்

ஆண் ஈயிலும் கதை இதுவே, நடிகர்கள் வேறு. விந்தகத்தின் நுனியில் மையச் செல்கள் என்ற சிறு கொத்து இருக்கிறது. அதைச் சுற்றி ஸ்டெம் செல்கள் பூவிதழ்கள் போல நிற்கின்றன. சமிக்ஞைப் புரதம் மட்டும் வேறு.

இங்கே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்கரெட் ஃபுல்லரின் ஆய்வகத்தில், யுகிகோ யமஷிட்டாவும் லியன் ஜோன்ஸும் ஒரு நுட்பத்தைக் கண்டார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க இழைகள் உருவாகும். அந்த இழைகள் புறப்படும் முனைக்குச் சென்ட்ரோசோம் என்று பெயர். ஸ்டெம் செல்லில் ஒரு சென்ட்ரோசோம், மையச் செல்களைத் தொடும் பக்கத்திலேயே நிற்கிறது. இன்னொன்று எதிர்ப்புறம் போகிறது. ஆகவே எப்போது பிரிந்தாலும் ஒரு மகள் உள்ளே, ஒரு மகள் வெளியே. 2003இல் வெளியான இந்த ஆய்வில், அந்த ஏற்பாட்டுக்குத் தேவையானவற்றில் ஒன்று ஏபிசி (APC) குடும்பப் புரதம் என்று தெரிந்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மனிதக் குடலில் மறுபடி வரும்.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்?

இந்தப் பாடத்தை நன்றாக நடத்தும் பேராசிரியர் படத்தைக் காட்டிவிட்டு நகர மாட்டார். மாணவர்களை முன்கூட்டிச் சொல்லவைப்பார். நீங்களும் முயன்று பாருங்கள்.

மாடத்தில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்குள் பேமை வலுக்கட்டாயமாகத் திறந்தால்? சமிக்ஞை வந்துகொண்டுதான் இருக்கிறது, இடமும் மாறவில்லை. ஆனால் அந்தச் சமிக்ஞை செய்துகொண்டிருந்த ஒரே காரியம் பேமை மூடிவைப்பது. எனவே செல் வேறுபாடடைகிறது, ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோகின்றன. 1997இலேயே இது செய்து காட்டப்பட்டது. சரி, பேமையே நீக்கிவிட்டால்? மகள் செல் மாடத்தைவிட்டு எவ்வளவு தூரம் போனாலும் முன்னேறத் தெரியாமல் பெருகிக்கொண்டே இருக்கும். அதுதான் கோலிகுண்டுப் பை.

இப்படி ஒரு மணி நேரம் யோசித்த மாணவருக்கு, ஸ்டெம் செல்லின் வரையறையைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது. வரையறையை ஒப்பிக்கவைத்து மதிப்பெண் தரும் முறையின் மேல் எனக்கு மரியாதை குறைந்துபோனதற்கு இந்த ஈயும் ஒரு காரணம்.

செய்முறை வகுப்பு இன்னும் சுவையானது. பெண் ஈக்களுக்கு ஓரிரு நாள் ஈஸ்ட் தாராளமாகக் கொடுத்தால் சூலகம் நன்றாகப் பருக்கும். கரியமில வாயுவால் மயக்கி, உப்புக் கரைசலில் வைத்து, இரண்டு கூரிய இடுக்கிகளால் வயிற்றுப் பகுதியைப் பிடித்து இழுத்தால் வெண்மையான சூலகங்கள் வெளியே வரும். முதல் சில ஈக்கள் எல்லோருக்கும் கூழாகிவிடும். கை பழகிய பிறகு ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நுனியில் அந்த இரண்டு மூன்று செல்கள் தெரியும்.

ஈக்குச் சரி, நமக்கு?

நம் குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒரு முறை புதிதாகிறது. அதற்கான ஸ்டெம் செல்கள் குழிகள் போன்ற மடிப்புகளின் அடியில் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் அண்டைச் செல்கள் அங்கேயே சமிக்ஞை தருகின்றன. அந்தச் சமிக்ஞைப் புரதங்களின் குடும்பமான விண்ட், ஈயில் கெட்டுப்போனால் சிறகின்மையை உண்டாக்கும் மரபணுவோடு உறவுடையது. குழியிலிருந்து மேலே ஏறும் செல்லுக்குச் சமிக்ஞை குறைய, அது வேறுபாடடைகிறது. இங்கே ஏபிசி புரதத்தின் வேலை, சமிக்ஞை வராதபோது செல்லுக்குள் விண்ட் பாதையை அணைத்துவைப்பது. ஏபிசி கெட்டுவிட்டால், செல் எங்கே போனாலும் மாடத்தில் இருப்பது போலவே நடந்துகொண்டு பெருகும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவற்றில் இந்த மரபணு கெட்டிருக்கிறது.

முதுமைக்கும் இதில் பங்கு உண்டு. வயதான ஈயின் விந்தகத்தில் மையச் செல்களின் சமிக்ஞை குறைகிறது, ஸ்டெம் செல்களும் குறைகின்றன. ஸ்டெம் செல் மட்டும் மூப்படைவதில்லை, அதன் மாடமும் மூப்படைகிறது.

இப்போது ஊசி விளம்பரத்துக்கு வருவோம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை ஏன் வெற்றி பெறுகிறது? ரத்த ஸ்டெம் செல்லுக்கு ரத்தக்குழாய் வழியே மஜ்ஜையைத் தேடி அடையும் திறன் இருக்கிறது. அதோடு, சிகிச்சைக்கு முன் மருந்தாலோ கதிர்வீச்சாலோ நோயாளியின் பழைய மஜ்ஜைச் செல்களை அழிக்கிறார்கள். நோயை ஒழிக்கவும், புதிய செல்களை உடம்பு எதிர்க்காமல் இருக்கவும் அது தேவை. கூடவே மாடங்களும் காலியாகின்றன. முழங்காலில் செலுத்தப்படும் செல்லோ எதைப் பற்றிக்கொள்ளும், அதற்கு யார் சமிக்ஞை தருவார்கள்? அந்த விளம்பரத்தில் இதற்குப் பதில் இருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர்ந்த மற்றவற்றை ஆய்வாக மட்டுமே, முறைப்படி அனுமதி பெற்று நடத்தலாம் என்றன.

தொப்புள்கொடி ரத்தத்தில் உண்மையான ரத்த ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அதில் ஏமாற்று ஏதும் இல்லை. சிக்கல், தன் குழந்தைக்கே அது காப்பீடு என்று விற்பதில் இருக்கிறது. தாலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோயோடு ஒரு குழந்தை பிறந்தால், அதே கெட்ட மரபணு அதன் தொப்புள்கொடிச் செல்களிலும் இருக்கும். அதைத் திருப்பிச் செலுத்தினால் நோயும் கூடவே திரும்பி வரும். 1988இல் பாரிஸில் உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சை, ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் கொண்ட ஒரு சிறுவனுக்கு நடந்தது. அவனுக்குச் செலுத்தியது அவனுடைய ரத்தம் அல்ல, புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்தது.